பயணத்தின் நோக்கம்

பிரெஸ்ட் நகரில் லிஃப்ட் பழுதுபார்ப்பவள்
அஸனோர் லெ ப்ளோக்.
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன பெட்டிகளின்
கதவிடுக்கில் வாய்வைத்து
இருபது வருடமாக ஒரே வாக்கியம் சொல்லிவந்தாள்:
"மூச்சை எண்ணுங்கள். வந்துகொண்டே இருக்கிறேன்."

ஏழு மீட்டர் படகு.
பாதி கடன், மீதி விற்ற கார்.
டிசம்பர் காலையில் லா கோமேராவை விட்டபோது
தம்பி கூல்வென் கையசைக்கவில்லை.
இரண்டு கையும் சட்டைப்பைக்குள்.
புள்ளியாகும்வரை அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.
வேறு வழியில்லை:
துடுப்பு வலிப்பவர்
போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் போகவேண்டும்.

முதல் வாரம் வாந்தி.
இரண்டாம் வாரம் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து
உடைந்த இடத்தில் உப்பு குடியேறியது.
வலிக்கிறாள்.
வலிக்கிறது.
எழுவாய் மட்டும்தான் வேறு.

பத்தொன்பதாம் நாள் கணக்குப் போட்டாள்.
கீழே ஐந்தாயிரத்து நூறு மீட்டர்.
மாடிக்கு மூன்று மீட்டர் என்றால்
ஆயிரத்து எழுநூறு மாடி.
வடமில்லை, எதிர்எடையில்லை,
தரைத்தளத்துக்குப் பொத்தானில்லை.
சிரித்தாள்.
அன்று முழுக்கக் குனிந்து நீரைப் பார்க்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் காற்று மேற்கிலிருந்து வந்தது.
கடல்நங்கூரத்தை இறக்கிவிட்டு
அறைக்குள் புகுந்து கதவைத் திருகி மூடினாள்.
அறை என்றால்,
படுத்தால் தோள் இடிக்கும், உட்கார்ந்தால் தலை.
நான்கு நாள்.
படகு பின்னால் போனது.
பத்து மைல், முப்பது மைல், எழுபத்தெட்டு என்று
ஜிபிஎஸ் அதை மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
மூன்றாம் இரவு படகு புரண்டு நிமிர்ந்தது.
கூரையாகியிருந்த தரையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டி
அவள் பல்லின்மேல் விழுந்தது.

இருட்டில் கதவைப் பார்த்துத் தானே சொல்லிப் பார்த்தாள்:
"மூச்சை எண்ணுங்கள். வந்துகொண்டே இருக்கிறேன்."

உள்ளே இருந்து கேட்டால்
இவ்வளவு மோசமான வாக்கியம் என்று
இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.
ஆனாலும் எண்ணினாள்.
ஆயிரத்து இருநூறில் தூங்கிப்போனாள்.

அதன்பிறகு படகு கனத்தது.
அடியில் கொட்டலசு.
இடுப்பில் கயிறு கட்டி, பற்களில் சுரண்டியைக் கவ்வி,
ஆயிரத்து எழுநூறு மாடிக்கு மேலே
கால் தொங்க இறங்கினாள்.

தனியாகப் போகிறேன் என்று
வங்கியில் சொன்னது, வானொலியில் சொன்னது,
எல்லாம் பொய்.
கீழே ஒரு குடித்தனமே இருந்தது.
வரிபோட்ட குட்டி மீன்கள் ஒன்பதோ பத்தோ,
சுக்கான் ஓரமாய்க் கட்டைவிரல் நகமளவு நண்டு.
சுரண்டி விழுந்ததையெல்லாம் மீன்கள் தின்றன.
நண்டு மட்டும் அவளைப் பார்த்தது,
மூன்று மாத வாடகை பாக்கி வைத்தவன்
வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல.
அந்த ஒரு சாண் இடத்தைச் சுரண்டாமல் விட்டாள்.
நாளுக்கு அரை மைல் நஷ்டமாகலாம்.
இருக்கட்டும்.

எண்பத்தெட்டாம் நாள்
கரைக்கு முன்னால் டீசல் வாசனை வந்தது,
அதற்குப் பின்னால் வறுத்த மீன்,
கடைசியாக பார்படோஸ்.

சுங்க அலுவலகம் இரண்டாம் மாடியில்.
ஐயாந்தி கிரீனிட்ஜ் படிவத்திலிருந்து தலைதூக்கவில்லை.
"கடைசித் துறைமுகம்?"
"லா கோமேரா."
"எதில்?"
ஜன்னலைக் காட்டினாள்.
கிரீனிட்ஜ் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.
"மாலுமிகள்?"
"ஒருவர்."
"படகில் பிராணிகள்?"
கொஞ்சம் யோசித்தாள்.
"படகில் இல்லை."
"பயணத்தின் நோக்கம்?"

கூல்வெனிடம் சொன்ன காரணம் ஒன்று இருந்தது,
வங்கியில் சொன்னது இன்னொன்று.
இரண்டும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.
துடுப்பின் பருமனுக்கே வளைந்து நின்றுவிட்ட விரல்களுக்குள்
பேனா கம்பமில்லாத கொடிபோல வழுக்கிக்கொண்டிருந்தது.

கிரீனிட்ஜ் பேனாவை வாங்கினார்.
"விடுமுறை" என்று எழுதினார்.
முத்திரை குத்தினார்.
"நல்லா ஓய்வெடுங்க."

வெளியே லிஃப்ட் திறந்தபடி நின்றது.
தரை இன்னும் ஆடியது.
சுவரைப் பிடித்துக்கொண்டு
படியில் இறங்கினாள்.