ஐம்பத்து மூன்று சுற்று

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி:
வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளதா?
ஆம். இல்லை. இரண்டு கட்டங்கள்.

கூப்பிடு தூரம்தான் என்று எழுத
அங்கே இடம் விடவில்லை.
மீட்டரை ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறேன்,
முனை தேய்ந்த இரும்புக் கம்பி.
கிலோமீட்டரைக் கண்ணால் கண்டவர் யார்?
பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகையில்
ஒரு கல் வரும், அப்புறம் ஒரு கல் வரும்.
நடுவில் இருப்பதுதான் அது என்றால்
நடுவில் இருப்பது
சீமைக்கருவேலம், வெயில், ரபீக்கின் பஞ்சர் கடை.

ரபீக்தான் கணக்குச் சொன்னான்.
"இந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு
ரெண்டு மீட்டர் ஏழு சென்டி."
ஓரக்கம்பியில் சிவப்பு நூல் கட்டிவிட்டான்.
"நூல் கீழே வர்றப்பல்லாம் ஒண்ணு எண்ணுங்கக்கா.
நானூத்தி எண்பத்து மூணுக்குள்ள பள்ளிக்கூடம் வந்துட்டா
பாப்பாவுக்கு சீட்டு."

ஞாயிறு காலை உருட்டினேன்.
சஷ்டிகாவும் எண்ணி வந்தாள்.
எழுபத்தொன்பதுக்கு அடுத்து தொண்ணூறு என்றாள்,
ரேஷன் கடையிலிருந்து திரும்ப வந்து
முதலிலிருந்து தொடங்கினோம்.
தெரு முனை வரை போய்,
சந்தே இல்லாத அந்த வரிசையைச் சுற்றி,
போன தூரமெல்லாம் அடுத்த தெருவில் திரும்ப வந்து,
பள்ளி கேட்டைத் தொட்டபோது
ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

இருநூற்று நாற்பது மீட்டர் அதிகம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன்,
அந்த அதிகத்தில் என்ன இருக்கிறது என்று.
ஒரு வீடு இருக்கிறது.
முகப்பு இந்தத் தெருவில்,
பின்வாசல் அந்தத் தெருவில்.
இரண்டு சாவியும் என் இடுப்பில்.

திங்கள்கிழமை பெருக்கப் போனவள்
சைக்கிளையும் உள்ளே ஏற்றினேன்.
நிலைப்படிகளில் தூக்கியபோது
காற்றில் சுற்றியதைச் சேர்க்கவில்லை,
கணக்கென்றால் கணக்கு.
முகப்பு ஏழு. வளவு பதினாறு.
இரண்டாங்கட்டில் வௌவால் பறந்து எண் தவறியது,
மறுபடி வந்தேன்.
அடுப்பங்கட்டு தாண்டிப் பின்வாசலில்
ஐம்பத்து மூன்று.

பதினேழு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீடு.
ஆளுக்கு மூன்று சுற்று, மிச்சம் இரண்டு.
மிச்சத்துக்குத்தான் போலிருக்கிறது
தேவகோட்டைக் கோர்ட்டில் வழக்கு.

வளவுத் தூசியில் ஒற்றை டயர்த் தடம்,
அளந்ததற்கு அத்தாட்சி.
பெருக்க மனம் வரவில்லை.
பெருக்கினேன்.
சம்பளம் அதற்குத்தான்.

வீட்டைச் சுற்றாமல் கூட்டினால்
நானூற்று ஐம்பத்து நான்கு சுற்று.
'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன்,
பின்பக்கம் வரை பதிந்தது.

எழுத்தர் பொன்னழகு நிமிர்ந்து பார்த்தார்.
"எந்த வழியாம்மா?"
வீனா வீட்டு வழியா சார்.
"அது வழி இல்லையே, வீடு."
சாவி இருந்தா வழிதானே சார், என்று
இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் சாவியைத் தொடவில்லை.
கம்ப்யூட்டரில் ஊரை விரித்து
எங்கள் தகரக்கூரையில் ஒரு புள்ளி,
பள்ளியில் ஒரு புள்ளி வைத்தார்.
நடுவில் கோடு தானே ஓடியது.
ஊரணித் தண்ணீர் மேல், ஓடுகளின் மேல்,
பூட்டிக் கிடக்கும் ஐந்து வீடுகளின் வளவுகள் வழியாக,
யாரிடமும் சாவி கேட்காமல்.
புள்ளி ஏழு ஒன்று என்றது திரை.
"முழுசா ஒண்ணுகூட இல்லம்மா. தாராளமா வருது.
குலுக்கல் வியாழக்கிழமை பதினோரு மணி."

வெளியே வந்து ஸ்டாண்டை எடுத்தேன்.
சிவப்பு நூல் கறுத்திருந்தது.
சஷ்டிகா இன்னும் ஜன்னல் வழியே
அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அந்தக் கோட்டுல சைக்கிள் போகுமாம்மா?"

ஏறு, என்றேன்.