ஊதாக் கூழ்

சோனாங்குப்பம் இறங்குதளத்தில்
மீனை எண்ணுவது என் வேலை.
பன்னா எத்தனை கூடை,
காரப்பொடி எத்தனை கூடை,
கிழங்கான் இன்று என்ன விலை.
நானோ வடலூர்க்காரி.
எங்கள் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை.
பெயர் தெரிந்த அறுபது மீனில்
ஒன்றின் ருசியும் தெரியாது.

முதல் வாரம் அஞ்சலாட்சி சோறு போட்டாள்.
"மீன எடுத்துட்டேன் மேடம், வெறும் கொழம்புதான்."
மறுநாள் கத்தரிக்காய்.
"அது எறா இல்ல மேடம், சென்னாக்குன்னி. வாசனைக்கு."
அதற்கடுத்த நாள் ரசம்.
நான் மோந்து பார்ப்பதை
அவள் பார்த்துவிட்டாள்.
அன்று தொட்டுக்கொள்ள
இரண்டு பேருக்கும் வெட்கம்தான் இருந்தது.

அவள் புருசன் தேசப்பன்
ஒன்பது வருசம் கப்பலில் பாத்திரம் கழுவியவன்.
கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே சொன்னான்:

"மாலை போட்டிருந்த கார்த்திகையில
கப்பல் ஹவாயில நின்னுச்சி மேடம்.
நம்ம தேவனாம்பட்டினம் கணக்கா
தென்னையும் வெயிலும்.
எறங்கி, மீனு வேணாம்னு சொல்ல
கையால நீந்திக் காட்டி
அப்புறம் கழுத்த அறுத்துக் காட்டினேன்.
தலையாட்டிட்டு ஒரு எலப் பொட்டலம் குடுத்தாங்க.
சேப்பங்கெழங்கு எல. அவ்ளோ பச்ச.
பிரிச்சா உள்ள பன்னி."

அஞ்சலாட்சி இதை நூறு தடவை கேட்டிருப்பாள்.
நூற்றியோராம் தடவையும்
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கெயோனின்னு ஒருத்தன், தொறைமுகத்துல கயிறு கட்டுறவன்.
என் மாலையப் பாத்தான், மூஞ்சியப் பாத்தான்,
அவன் சோத்து டப்பாவத் தெறந்தான்.
அதே கெழங்கு. வேகவச்சி இடிச்சி
ஊதா நெறத்துல கூழு, புளிச்சது.
ரெண்டு வெரலால வழிக்கணும்.
நம்ம ஆடிக் கூழ்தான் மேடம், சட்டி மட்டும் வேற.
அவங்க ஊர்ல ஒரு கட்டு இருக்காம்:
அந்தச் சட்டி தெறந்திருக்கிற வரைக்கும்
யாரும் யாரோடயும் சண்ட போடக்கூடாது.
கெழங்கு வரட்டும் மேடம், ஒங்களுக்குச் செஞ்சி காட்றேன்."

வைகாசியில் நிவாரணப் பட்டியல் வந்தது.
பதினோரு பெயர் விட்டுப்போயிருந்தது.
விட்டது மேலே யாரோ,
காகிதம் இருந்தது என் கையில்.
ஏலக் கொட்டகையில் குரல்கள் என்னைச் சூழ்ந்தன.
தணிகாசலம் பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

தேசப்பன் எதுவும் பேசவில்லை.
வீட்டுக்குப் போய் ஒரு குண்டானைத் தூக்கிவந்து
நடுவில் வைத்தான். மூடியை எடுத்தான்.
ஊதா இல்லை; நம்மூர்க் கிழங்கு
சாம்பல் நிறத்தில், கோந்து மாதிரி.
"தெறந்தாச்சி" என்றான்.
யாருக்கும் புரியவில்லை.
ஒரு பொடியன் நக்கிவிட்டுத் துப்பினான்.
"படகு ஓட்டைக்கு அப்பலாம்டா இத"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அதற்குத்தான் முதல் சிரிப்பு.
தணிகாசலம் சிரிக்கவில்லை, கடைசிவரைக்கும்.
இரண்டு விரலால் வழித்து
உப்பில்லை என்று மட்டும் சொன்னார்.
அஞ்சலாட்சி உப்பெடுக்க ஓடினாள்.

என் முறை வந்தபோது
குண்டான் விளிம்பில் ஒரு செதில்,
நகக்கண் அளவு, வெயிலில் மின்னியது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
உப்போடு திரும்பியவள் செதிலைப் பார்த்தாள்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு
மறுகையால் வழித்தேன்.
புளிப்பு. பிறகு நாக்கில் அரிப்பு.
பதினோரு பெயரையும் மனுவில் எழுதி முடிக்கும்வரை
யாரும் மூடியைத் தொடவில்லை.

பதிவேடு திரும்பி வந்தது.
கிழங்கான் வரிசையில் கிழங்கு என்று எழுதியிருக்கிறேன்,
கை தவறி. எடை: ஒரு குண்டான்.
இன்னும் அடிக்கவில்லை.

இரவு அப்பா போனில் கேட்டார்,
என்னம்மா சாப்பிட்டே என்று.
"கிழங்குப்பா."
"நாக்கு அரிச்சிருக்குமே?"
"இன்னும் அரிக்குது" என்றேன்.
கட்டைவிரலில் அது
ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.