ஒள்ளுப்பம் கூட

கல்முனை. பேக்கரிக்கு மேல்மாடி.
இரவு ஒன்று நாற்பது.
எட்டு மெஷின், நாலு பிரிவு,
எல்லாருக்கும் ஒரே பங்கீட்டாளன்.

நான் கேட்டது ஒரு கேள்விதான்:
மூன்று வருட டெங்குப் பதிவில்
எந்த வட்டாரம், எந்த வாரம், எத்தனை பேர்.
விடியமுன்னம் வேணும் என்றார் டொக்டர் பஸ்மியா,
மழை பிடித்துவிட்டது,
புகையடிக்கிற மெஷின் இரண்டே இரண்டு.

கேள்வி உடைந்து ஆறு வேலைக்காரர்களிடம் போனது.
தொண்ணூற்றேழு வீதம்.
தேத்தண்ணிக் கோப்பையைத் தேடிவிட்டுத் திரும்பினால்
நாலாவது ஆளைக் காணவில்லை.

ஒருவன் விழுந்தால்
மற்ற ஐந்து பேரும் கையை உதறிவிட்டு எழும்புவார்கள்,
இந்த எஞ்சினின் குணம் அது.
பாதிக் கணக்கை எவனும் எடுத்து வைப்பதில்லை.

பதிவேட்டைக் கிளறினேன்.
கொடுத்தது பன்னிரண்டு ஜிபி.
பிடித்தது பன்னிரண்டும் ஒள்ளுப்பமும்.
கொல்லப்பட்டது.
மூன்று வரி. அதில் கோபமும் இல்லை.

திட்டினேன்,
கீழே மாப் பிசைகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி.
பங்கீட்டாளனுக்கு டெங்கு தெரியாது,
தொண்ணூற்றேழும் தெரியாது.
வட்டை விதானைக்கெண்டாலும்
எது யாருடைய வயலென்று தெரியும்;
போடியார் சிரித்தால்
மடை ஒரு விரல் கூடத் திறக்கும்.
இவனிடம் யார் போய்ச் சிரிப்பது.

இரண்டு ஐந்துக்கு சிஹாறாவின் அழைப்பு, சம்பளப் பிரிவு:
"உங்கட ஆக்கள் ஆறு பேரும் இஞ்ச குந்திக்கிட்டிருக்காங்க.
வேலையும் இல்ல, எழும்புறதும் இல்ல.
விடிஞ்சா நானூறு பேருக்குச் சம்பளம்."

பொய்யில்லை.
கேள்வி வராத நேரத்திலும்
என் எஞ்சின் அடுப்பை அணைக்காது,
அடுத்தது வந்தால் சுறுக்கா சமைக்கலாமென்று.
அவளுடையது
வந்து, உண்டு, இலையையும் எடுத்துக்கொண்டு போவது.
பங்கீட்டாளன் அந்தப் பழக்கத்துக்கென்றே பிறந்தவன்.
நான்தான் அவனிடம்
குடியிருக்க வந்தவன்.

ஆறை நாலாக்கினேன்.
பன்னிரண்டை வாங்கி
பத்துத்தான் தந்தார்கள் என்று
எஞ்சினுக்குப் பொய் சொன்னேன்.
மிச்சம் இரண்டு,
யாரும் கணக்கில் எழுதாத சாமான்களுக்கு:
பாதி அவிழ்த்த பொட்டலம்,
கைமாறும் வழியில் நிற்கிற மூட்டை,
மூச்சு.

மறுகா ஓடவிட்டேன். ஆமையாய் ஓடியது.
கரண்ட் ஒருக்கா கண் சிமிட்டியது,
ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டது.
மூன்றரைக்குப் பாண் வாசம் படியேறி வந்தது.
சிஹாறா எனக்கு முன்னமே முடித்துவிட்டாள்:
"முடிஞ்சிது. எங்கட இடத்தையும் எடுங்க."
எடுக்கவில்லை.
எடுக்கத் தெரியாமல்தான்,
பெருந்தன்மை ஒன்றுமில்லை.

நாலு ஐம்பதுக்கு விடை. இருபத்தொரு வரி.
முதல் வரியில்
நான் வாடகைக்கு இருக்கிற ஒழுங்கையின் வட்டாரம்.

டொக்டருக்கு அனுப்பிவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.
விளக்குப் போடாமல் வீட்டின் பின்பக்கம் போய்
பூச்சட்டித் தட்டுகளை
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும்
ஒள்ளுப்பம் தண்ணி.