நான்காவது மூலை

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வரும்.
இன்று புதன்.
பொகடெல்லோவில் மூன்றாம் நாளாகப் பனி.
சாப்பாட்டு மேசை முழுக்க
கோல்ட்டனின் பதினோரு மாதங்கள்.

நாற்பத்தொரு படங்கள்.
பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள்கள்,
கரடி அச்சடித்த ஒட்டுநாடா இரண்டு சுருள்,
மூடி தொலைந்த பசை, கொட்டிப்போன ஜிகினா.
பிறகு, டார்வா தன் கடையிலிருந்து இரவல் தந்த
மூலை மழிக்கும் பஞ்ச்:
படத்தின் முனையைச் செருகி அழுத்தினால்
கடக்.
கூர் போய்விடும்.
"பிள்ளை கையில் குத்தாது பார்" என்றாள்.
குத்துவது மூலைகள்தாம் என்று
நம்புகிறவள் டார்வா.

தாள் உறையில் போட்டிருக்கிறது:
அமிலம் கலக்காதது, நூறாண்டு மஞ்சளாகாது.
அவனுக்கு இப்போது நான்கு.
நூற்றுநான்கில் எடுத்துப் பார்க்கட்டும்
தன் முதல் பனிமனிதனை,
காரட்டை இவன் தின்றுவிட்டதால்
மூக்கில்லாமல் நின்றவனை.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
வளர்ப்பு வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைக்கு
ஓர் ஆல்பம் செய்து அனுப்புங்கள்,
நடுவில் ஒரு வருடம் காணாமல் போனதென்று
அது நினைத்துவிடக் கூடாது.
அதில் நான் எவ்வளவு இருக்கலாம் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

முதல் இருபது படங்கள் யோசிக்காமல் போயின.
கடக் கடக் கடக் கடக்.
இருபத்தொன்றில்
கீழே வலது மூலையில் இளஞ்சிவப்பாய் ஒரு மங்கல்.
விளக்கொளி என்று நினைத்தேன்.
என் கட்டைவிரல்.

எடுத்தவள் நான். எதிலும் நான் இல்லை.
தேடினால் கொஞ்சம் இருக்கிறேன்:
ஏரிக்கரைப் படத்தில் புல்மேல் நீண்ட நிழல்,
பிறந்தநாள் கேக்கின் பக்கத்தில்
கரண்டியின் குழிவில் தலைகீழாய் ஒரு பச்சை ஸ்வெட்டர்,
அப்புறம் இந்த விரல்.
குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தேன்.
எண்பது நறுக்குகள்,
நகம் வெட்டிப் போட்டதுபோல்.
எவை வானம், எவை சுவர்,
எவை நான்?

மீதிப் படங்களுக்கு மூன்று மூலைதான் மழித்தேன்.

கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன்
ஷெய்லியின் ஒரே படத்தை.
சந்திப்பு அறை, ஆரஞ்சு நாற்காலி,
மகன் மடியில்.
கண்ணை மூடிவிட்டாள் அந்த நொடியில்.
அதன்மேல் வைக்க அளவான ஒரு வண்ணத்துப்பூச்சி
என் கையில் இருந்தது.
கொஞ்ச நேரம் இருந்தது.

எழுத்து ஸ்டிக்கரில் எம் தீர்ந்துவிட்டிருந்தது,
மூஸுக்கும் மார்ச்சுக்கும் பனிமனிதனுக்கும் போக.
மாம் என்று ஒட்ட இரண்டு வேண்டும்.
டபிள்யூ நிறைய இருந்தது.
தலைகீழாக ஒட்டினேன்.
கால் சற்று அகன்றிருக்கிறது.
ஆனாலும் நிற்கிறது.

தங்க எழுத்தில் 'வீடு' என்று
அச்சிட்டே வந்தது ஒன்று.
என் நீலக் கதவின் கீழ் வைத்தேன், எடுத்தேன்.
ஆரஞ்சு நாற்காலியின் கீழ் வைத்தேன், எடுத்தேன்.
எடுத்தெடுத்துப் பசையே போயிற்று.
பின்னட்டை உறைக்குள் போட்டுவிட்டேன்.
எங்கே வேண்டுமோ
அவனே ஒட்டிக்கொள்ளட்டும்.

வெள்ளி.
ஆஸ்ட்ரண்டர் வந்தார், காரை அணைக்காமல்.
கோல்ட்டன் ஆல்பத்தை நடுவில் பிரித்தான்,
மூஸைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டினான்.
விரலை அவன் பார்க்கவில்லை.
மூஸ் பார்த்துக்கொண்டே போயிற்று
தெருமுனை வரை.

திங்கள் மதியம் போன் வந்தது.
பெண் குழந்தை, இரண்டு மாதம், இன்றிரவே முடியுமா.
ஒரு துவைத்த போர்வை போதும் என்றார்கள்.
டார்வாவின் பஞ்சை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.