விளக்கக் கடிதம், மூன்றாவது பிரதி

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர், வேலூர்.
பொருள்: எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, வியாழன், ஆறாம் பாடவேளை.

ஐயா,
முதல் பிரதியில் கையெழுத்து நடுங்கியிருந்தது.
இரண்டாவதைத் தலைமையாசிரியர் திருத்தினார்,
'அடித்தான்' இருந்த இடத்தில்
'அசம்பாவிதம்' வந்து உட்கார்ந்தது.
இது மூன்றாவது.

அடித்தான்.
இடது புருவத்தில் நாலு தையல்.
ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில் அப்போது கரண்ட் இல்லை,
நர்ஸ் தன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
அடித்தது என்னுடைய ஸ்கேல்,
ஒரு மீட்டர், தேக்கு.
பதினாறு வருடமாக அது கோடு போட மட்டுமே என்றால்
பழைய மாணவர்கள் சிரிப்பார்கள்.

வீடியோ பார்த்திருப்பீர்கள்.
பேரணாம்பட்டு வரைக்கும் பார்த்துவிட்டார்கள்,
பெங்களூரில் என் கொழுந்தனாரும்.
ஏழு விநாடி.
அதற்கு முந்தியதை யாரும் எடுக்கவில்லை.
அதை எழுதத்தான் இந்தத் தாள்.

ஆடி பிறந்தும் இறங்காத வெயில்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாற்பத்தெட்டுப் பேர்.
ஜன்னலை ஒட்டிய வேப்பமரத்தில்
ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும்,
அதுதான் எங்கள் மணி.
அடித்தார்கள்.
ஹேமச்சந்திரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.
எப்போதும் செய்வதுதான்.
நான் சதவீதம் நடத்திக்கொண்டிருந்தேன்.
"கையை எடுடா" என்றேன்.
ஸ்கேலால் மேசையில் தட்டினேன், இரண்டு தரம்.
பிறகு ஸ்கேலை வைத்துவிட்டு
அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.
இங்கே தொடங்குகிறது வீடியோ.

அடுக்கம்பாறையில் அவனுக்குப் போட்ட மதிப்பீடு முப்பத்தைந்து.
அட்டைக்கு நாற்பது வேண்டும்.
அவன் அம்மா பச்சையம்மா
விடியும் முன்னே ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறவர்.
இரண்டு நாள் சம்பளத்தை விட்டு
வரிசையில் நின்று
ஐந்து குறைவாக வாங்கி வந்தார்.
கணக்கு டீச்சர் நான்.
இந்த ஐந்தை எந்த இலக்கத்திலிருந்து கடன் வாங்குவது,
எனக்கும் தெரியவில்லை.

சிறப்பாசிரியர் பெனிட்டா செவ்வாய்தோறும் வருவார்.
பதினோரு பள்ளி, ஒரு தோள்பை, தொகுப்பூதியம்.
மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே
இரண்டு விரல் காட்டிவிடுவாராம் அவனுக்கு.
அவன் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பானாம்.
இது எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை,
தையலோடு.

"டிசி குட்த்து அனுப்பிடு மேடம், இன்னாத்துக்கு வம்பு"
என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில்.
கதவடைப்பு என்கிறார் சங்கத்துச் செயலாளர்.
கழிப்பறைச் சுவரில் அவன் பேரோடு 'பைத்தியம்' எழுதியிருக்கிறது,
ஒற்று இல்லாமல்.
பெரிய மனசு, மன்னித்துவிட்டார் டீச்சர் என்று
யாரோ போஸ்ட் போட்டிருக்கிறார்.

மன்னிக்கவில்லை ஐயா.
தூங்கவும் இல்லை.
பின்னால் பெஞ்சு நகர்ந்தால் தோள் துள்ளுகிறது.
கரும்பலகைக்கு முழுதாகத் திரும்ப முடியாமல்
பக்கவாட்டில் நின்று எழுதுகிறேன்,
பின்னங்களெல்லாம் சாய்ந்துபோகின்றன.
இதைக் கேட்க
உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

தண்டவாளத்தை வேறு மரத்துக்கு மாற்ற
அனுமதி கேட்கலாமென்று இருந்தேன்.
வாட்ச்மேன் நேற்றே மாற்றிவிட்டார்,
கயிறு மட்டும்தான் செலவு.
பெனிட்டா வாரத்தில் இன்னொரு நாள் வருவதற்கு
கயிறு போதாது.
அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

இப்படிக்கு
தங்கள் உண்மையுள்ள.

இணைப்பு:
மருத்துவச் சீட்டு ஒன்று.
கணக்கு நோட்டு ஒன்று, அவனுடையது.
பக்கம் முப்பத்தொன்று பார்க்கவும்.
நூறு கட்டத்தில் நாற்பதுக்கு நிறம் தீட்டச் சொல்லியிருந்தேன்.
தீட்டியிருக்கிறான்,
ஒரு கட்டத்திலும் நிறம் கோட்டைத் தாண்டவில்லை.
திங்கள் நீட்டினான், செவ்வாய் நீட்டினான், புதனும்.
அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.
அந்தச் சிவப்பு டிக்
இன்றைய தேதியில் இருக்கிறது.