இரண்டு கோடு

அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே
ஒரே ஒரு முழம் இடத்தில்.
கண்டுபிடித்தவர் ஆம்புலன்ஸ் முனிரத்தினம்,
பெண்டாட்டியோடு போனில் சண்டை போட்டு
நடந்துகொண்டிருந்தபோது.

அதுவரை எட்டு மாதம்
டேப்லெட் மருந்து அலமாரியில் தூங்கியது.
பயிற்சிச் சான்றிதழ் மட்டும்
கண்ணாடிச் சட்டத்துக்குள் விழித்திருந்தது.

அன்று ராத்திரி
தேன்கனிக்கோட்டை ரோட்டில் புளியமரம் சாய்ந்து
வண்டி போக வழியில்லை. கரண்டும் இல்லை.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார் சிக்கமாதப்பா.
"எதெ நோவு" என்றார்,
அதற்கு மேல் எந்த பாஷையும் வரவில்லை.

ஈசிஜி தாளை மார்போடு ஒட்டிக்கொண்டு
மழையில் ஓடினேன்.
முனிரத்தினம் குடை பிடித்தார்,
கூட்டிப் பெருக்கும் கெம்பம்மா டார்ச் பிடித்தாள்.

கிருஷ்ணகிரி டாக்டரின் முகம்
சதுரம் சதுரமாய் உடைந்தது, சேர்ந்தது, உடைந்தது.
குரல் மட்டும் முழுசாக வந்தது:
"கிட்டே காட்டுங்க சிஸ்டர். இன்னும் கிட்டே.
அந்த மூணாவது துடிப்பு என்ன அப்படி?"
"அது மழை சார்."

ஊசியின் பெயரையும் அளவையும்
மூன்று முறை சொல்ல வைத்தேன்.
உள்ளே, கெம்பம்மா அவர் காதில்
கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.
அதை யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.

விடிந்து மரத்தை அறுத்தார்கள்.
ஆம்புலன்ஸில் உட்கார்ந்தபடியே போனார்,
செருப்பை மறந்துவிட்டு.

அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்தவர்
'இணைய வசதி' என்ற கட்டத்தில்
என்ன எழுதட்டும் என்றார்.

வெளியே கூட்டிப்போய்
தரையிலிருந்த சுண்ணாம்பு வட்டத்தைக் காட்டினேன்.
பாதி மழையில் கரைந்திருந்தது.
மீதியை முனிரத்தினம்
குந்தி உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார்.