மாதிரி எண் நான்கு

அவர்கள் முகங்களை முதலில் நான் பார்த்தது
கறுப்பு வெள்ளையில்.
பாஸ்போர்ட் நகல் மூன்று, விசா நகல் மூன்று,
மாடிப்போர்ஷனுக்கு வாடகை ஒப்பந்தம் ஒன்று.
எத்தியோப்பியாவிலிருந்து ஆடுதுறைக்கு
நெல் படிக்க வந்தவர்.
பெயர் கெட்டாச்சௌ.
கடைத்தெரு இரண்டே நாளில் அதைக்
கெட்டாச்சு ஆக்கிவிட்டது.

ஆடியில், வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம்
நாவல்பழம் ஒரு கிலோ வாங்கினார்கள்.
அன்றைக்கென்று பார்த்து
விசாரணைக்கு ஏட்டு வந்தார்.
மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.
"பேசவே மாட்டாங்களா?" என்றார் என்னிடம்.
மெக்லித் மட்டும் நாக்கை நீட்டினாள்,
கத்தரிப்பூ நிறத்தில்.
மிச்சமிருந்ததில் நாலைந்து தின்றுவிட்டு
ஏட்டு கையெழுத்துப் போட்டார்.

கெட்டாச்சௌ எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார்:
தேதி, எடை, வாங்கிய இடம்.
மாதிரி எண் ஒன்று, நாவல்.
இரண்டு, பனம்பழம், சுட்டது;
பல்லிடுக்கில் நார், இரண்டு நாள்.
மூன்று, விளாம்பழம்.
அதைக் கத்தியால் அறுக்கப் பார்த்துக்
கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு இறங்கி வந்தார்.
வாங்கி, ஜெராக்ஸ் கடை வாசற்படியில்
ஓங்கி ஒரு போடு போட்டேன்.
மோந்து பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"கெட்டாச்சா?"
தமிழில் அவர் கேட்ட முதல் கேள்வி.
சிரித்த சிரிப்பில்
நாட்டுச்சர்க்கரை பாதி தரையில்.

மெக்லித் துப்பினாள்.
ஹிருத் இரண்டாவது கரண்டி எடுத்தாள்.
மூன்று நாள் புளித்த மாவில்
மாடியில் அவள் வார்க்கிற அகலமான ஆப்பம்,
அதன் வாசம் இதிலும் இருப்பதாகக்
கையால் காட்டினாள்.
அல்லது நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

தை பிறந்து நாலாம் நாள்
பள்ளிக்கூட வாசலில்
ஆழாக்கு பத்து ரூபாய் இலந்தைப்பழத்தைப்
பொட்டலமாய்க் கொண்டுவந்தாள் மெக்லித்.
நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்,
புழு பார்த்துக் கடி, கொட்டையை முழுங்காதே...
ஹிருத் பொட்டலத்தைப் பிடுங்கினாள்.
"குர்குரா!"
மெஷின் கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு
நின்றபடியே தின்றாள்.
கன்னத்தில் ஒதுக்கி,
கொட்டையை உள்ளங்கையில் துப்பி,
அடுத்தது.
பளபளவென்று ஒன்றைத் தேடி நான் நீட்டினேன்.
அதைத் தள்ளிவிட்டு,
வாடிச் சுருங்கிய ஒன்றை எடுத்து
என் வாயில் வைத்தாள்.

நாற்பத்தொரு வருஷமாக
தப்பான பழத்தையே பொறுக்கியிருக்கிறேன்.

கெட்டாச்சௌ நோட்டை விரித்து
நான்கு என்று போட்டார்.
பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாள்.
என்னவோ சொன்னாள், கோபமா அழுகையா தெரியவில்லை.
மெக்லித்தைக் கேட்டேன்.
"அம்மா பழத்துக்கு நம்பர் போடக்கூடாதாம், ஆன்ட்டி."

அதற்குள் ஆதார், ஜாதிச் சான்று, சிட்டா என்று
கூட்டம் வந்துவிட்டது.
அன்று மாலை எடுத்த நகலிலெல்லாம்
வலது ஓரத்தில் ஐந்து விரலும்
பிசுபிசுவென்று பதிந்திருந்தன.
"யாரு கைம்மா இது, என் நெலத்து மேல?" என்று
திருமங்கலக்குடிக்காரர் ஒருவர்
இரண்டு ரூபாயைத் தராமலே போனார்.